வெளிச்சுவர்ப் பாசிக்கு எது சரி: பிரஷர் வாஷரா, பிளீச்சிங் பவுடரா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மதுரைப் பக்கத்து வீடுகளில் வடக்குச் சுவரைப் பார்த்தால் போதும். மாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய்க்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு, ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு பச்சைக் கோடு, சன்ஷேடுக்கு அடியில் கரி பூசினாற்போல ஒரு பட்டை. பொங்கலுக்குள் வீட்டைத் துலக்க வேண்டும். பெயின்ட் அடிக்கக் கேட்டால் கூலியே மலைக்க வைக்கிறது. ஐயாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் பிரஷர் வாஷர் (தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷின்) ஆன்லைனில் கிடைக்கிறபோது, வாங்கி அடித்துவிடலாமே என்றுதான் தோன்றும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பாசியைக் கொல்வது பிளீச்சிங் பவுடரில் இருக்கிற குளோரின். தண்ணீரின் அழுத்தம் செத்ததைக் கழுவித் தள்ளத்தான் உதவும். பாசியும் பூஞ்சையும் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடித்திருக்கும். வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் மேலே இருப்பது போய்ச் சுவர் பளிச்சென்று தெரியும். உள்ளே மிச்சம் இருப்பது அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அதையும் பெயர்த்தே தீருவேன் என்று நாசிலை (தண்ணீர் பீய்ச்சும் முனையை) சுவருக்குக் கிட்டே கொண்டுபோனால், பாசியோடு பெயின்டும் வரும்.

காணொளி பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்கக் காணொளிகளில் கழுவுவது பெரும்பாலும் பி.வி.சி. பலகையோ மரப்பலகையோ அடித்த சுவர். அந்தப் பலகைகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேலிருந்து வருகிற தண்ணீர் வழிந்துவிடும். கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால்தான் பலகைக்குப் பின்னால் புகும். நம் சுவர் செங்கல், அதன்மேல் சிமென்ட் பூச்சு, அதன்மேல் எமல்ஷன். பின்னால் இடைவெளி கிடையாது, தண்ணீர் வடிய வழியும் கிடையாது. மயிரிழை விரிசலில் புகுந்த தண்ணீர் பூச்சுக்குள்ளேயே தங்கி, சில நாளில் உள்பக்கச் சுவரில் ஈரத்திட்டாகவோ வெளியே வெள்ளை உப்பாகவோ வந்து நிற்கும். ஆகவே அவர்கள் சொல்கிற பி.எஸ்.ஐ. என்ற தண்ணீர் அழுத்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. (அழுத்தத்தின் இன்னொரு அளவான 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. பெட்டியில் 120 பார் என்று போட்டிருந்தால் அது சுமார் 1,740 பி.எஸ்.ஐ. பெட்டியில் போடுவது உச்ச அளவு. வேலை நடக்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.)

முதலில் சுவரைக் கேளுங்கள்

எந்த வழியானாலும் மூன்று சோதனை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேயுங்கள். மாவுபோல ஒட்டினால் அது சுண்ணாம்போ, சிமென்ட் பெயின்டோ, ஆயுள் முடிந்த எமல்ஷனோதான். மெஷின் பக்கமே போக வேண்டாம். அடுத்து விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொப் டொப்’ என்று பொள்ளல் சத்தம் கேட்கிற இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே அழுத்தம் பட்டால் தட்டுத்தட்டாக விழும். மூன்றாவது, கண்ணில் படுகிற விரிசல்கள். சன்னல் மூலையிலும் பீமும் சுவரும் சேர்கிற இடத்திலும் தவறாமல் இருக்கும். அவற்றைப் பட்டி வைத்து அடைத்துக் காயவிட்ட பிறகுதான் தண்ணீர்.

மாசி வீதிகளைச் சுற்றியும் செட்டிநாட்டுப் பக்கமும் உள்ள பழைய சுண்ணாம்புச் சாந்து வீடுகளுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. திருமலை நாயக்கர் மகாலில் பார்க்கிறோமே, அந்த வழுவழுப்பான சாந்து ரகம், அதற்கு 100 பார் தண்ணீர் உளி மாதிரி. நல்ல தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

மெஷின் வழி

வீட்டு மெஷின்கள் 1,400 முதல் 1,800 வாட் வரை இருக்கும். நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் தண்ணீர் குடிக்கும். 1,800 வாட் என்றால் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாதென்றால் 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் வயர். சுருளாக விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், இணைப்பு தரையில் கிடக்காமல் உயரத்தில் இருக்கட்டும். டி.வி.க்குப் போடுகிற மெல்லிசு வயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும், வயரும் இளகும்.

தண்ணீரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாடித் தொட்டியிலிருந்து தரைக்குழாய்க்கு ஐந்து மீட்டர் இறக்கம் என்றால் கிடைப்பது அரை பார் அழுத்தம்தான். அது போதும், ஓட்டம்தான் முக்கியம். பத்து லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறதா என்று பாருங்கள். நிறையாவிட்டால் மெஷின் காற்றை இழுத்து விட்டுவிட்டு அடிக்கும், பம்பு தேயும். போர் தண்ணீரில் மணல் வரும். உள்வழி ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். இன்னொன்று: பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு உள்ளே போகும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடி பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் மத்தியானம் அதைத் தாண்டிவிடும். பம்பு சீல் போனதற்குக் கம்பெனியைத் திட்டுகிறவர்களில் சிலருக்குக் காரணம் அந்தத் தொட்டிதான்.

ஓட்டுகிற முறை இது. காலிங் பெல், சுவிட்ச், கேமரா, மீட்டர் பெட்டி எல்லாவற்றையும் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டுங்கள். வெளிப்புற விளக்குகளின் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். குழாயைத் திறந்து, மெஷினைப் போடாமலே தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடியுங்கள். குமிழி இல்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்ச். நாசில் கலர் வைத்து வந்தால் வெள்ளை, அதாவது 40 டிகிரி விசிறி. பச்சை 25, மஞ்சள் 15. சிவப்பு பூஜ்யம் டிகிரி. அதையும் கூடவே வருகிற சுழலும் டர்போ நாசிலையும் சுவர் வேலைக்கு எடுக்கவே வேண்டாம், பெட்டியிலேயே கிடக்கட்டும்.

முதல் அடி தரையில். பிறகு சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நின்று, மறைவான ஒரு மூலையில் ஒரு சதுர அடி மட்டும் அடித்துப் பாருங்கள். வழிகிற தண்ணீர் பெயின்ட் கலரில் பால்போல வந்தால் பெயின்ட் கழல்கிறது. கீழே விரலால் தொட்டு மணல் நறநறத்தால் பூச்சே கழல்கிறது. பெயின்ட் கொப்புளம்போல உப்பினால் தண்ணீர் படலத்துக்குப் பின்னால் போய்விட்டது. மூன்றில் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மெல்ல நெருங்கலாம்; ஓரடிக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். லான்ஸ், அதாவது துப்பாக்கியின் நீளக் குழாய், சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்கட்டும், கை நிற்காமல் பக்கவாட்டில் ஓடட்டும், ஒவ்வொரு பட்டையும் முந்தையதில் பாதியை மூடட்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் வட்டமாக வெளுத்து, பெயின்ட் அடிக்கும்வரை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். சன்னல் ஓரம், கதவு இடுக்கு, வென்டிலேட்டர், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் தகடு இவற்றை நேராக அடிக்கவே கூடாது.

ஏணியில் நின்று இதைச் செய்யாதீர்கள். விசையை அழுத்தும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும். ஏணியில் அந்தத் தள்ளு போதும் ஆளைச் சாய்க்க. நீட்டிப்புக் குழாய் போட்டுத் தரையில் நின்று எட்டுகிறவரைதான் உங்கள் வேலை. ஈ.பி. சர்வீஸ் வயர் வீட்டுக்குள் இறங்குகிற பக்கத்தில் நீளமான உலோக லான்ஸைத் தூக்கவே தூக்காதீர்கள். செருப்பில்லாத கால், சும்மா வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள், இரண்டும் பக்கத்தில் கூடாது. தண்ணீர் தோலைத் துளைத்தால் மேலே தெரிவது ஊசிக் குத்துபோல ஒரு புள்ளிதான். உள்ளே தசை கிழிந்து அழுக்கும் ஏறியிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராமல், வலி இல்லாவிட்டாலும், உடனே அரசு இராசாசி மருத்துவமனை போல அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போய், என்ன பட்டது என்று சொல்லிவிடுங்கள்.

முடித்ததும் சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, விசையை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்கிற அழுத்தத்தை விட்ட பிறகே ஹோஸைக் கழற்றுங்கள்.

பிளீச்சிங் வழி

பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் பிளீச்சிங் பவுடர். நல்ல பவுடரில் 30 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். இந்தக் கலவை கிட்டத்தட்ட ஒரு சதவீதக் கரைசல். திறந்து கிடந்த மூட்டையில் வாங்காதீர்கள், ஈரக்காற்றில் வீரியம் போயிருக்கும். மூக்கில் சுருக்கென்று ஏறாவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டுங்கள். வண்டலைச் சேர்த்து அடித்தால் ஸ்பிரேயர் அடைக்கும், சுவரில் வெள்ளைத் தூள் படியும். இந்தச் சள்ளையே வேண்டாம் என்றால் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கேனில் கிடைக்கும்: ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்.

அடிக்க ஐந்து லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் போதும். வயலில் களைக்கொல்லி அடித்த டேங்கைக் கடன் வாங்காதீர்கள். வாசல் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போய்விடும். பிரஷர் வாஷரின் சோப்பு டப்பாவிலும் இதை ஊற்ற வேண்டாம், சீலை அரிக்கும். செடிகளை முதலில் நல்ல தண்ணீரால் நனைத்து, முடிந்ததும் மறுபடி நனையுங்கள்.

கரைசலைக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் காய்ந்த சுவரில் கோடு கோடாக வழிந்து, அந்தக் கோடுகள் தனியாகத் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறட்டும். காய விடக் கூடாது. அதனால்தான் மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைச் சாயங்காலமும் செய்வது. கறுப்பு மெல்ல வெளிறிப் பழுப்பாகும். நைலான் பிரஷ்ஷை நீளக் கம்பில் கட்டித் தேய்த்து, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். அடர்ந்த நிறச் சுவராக இருந்தால் மூலையில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள், நிறம் மங்கலாம்.

கையுறை, கண்ணாடி, பழைய சட்டை. ஆசிட்டையோ கழிவறை கிளீனரையோ இதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்று முடிந்து நன்றாகக் கழுவாமல் அடுத்ததை ஊற்றுவதும் அதே கதைதான். ஆசிட் தனியாகவும் சுவருக்கு ஆகாது, சிமென்டையே தின்னும். கிரில்லிலிருந்து வழிந்த துருக்கறையும் வெள்ளை உப்பும் பிளீச்சிங்குக்கு மசியாது. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கரைந்து உள்ளே போய்த் திரும்ப வரும்.

வாட்டர் வாஷ் ஆளைக் கூப்பிடுவது

இது மூன்றாவது வழி: வண்டி கழுவுகிறவரைப் பம்போடு வரவழைப்பது. லாரி, டிராக்டர் சேறு கழுவுகிற பம்பு அது. ஆளின் கையும் அதற்கே பழகியது. கூப்பிட்டால், விசிறி அடி, மூன்றடி தள்ளி நில் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் இவர் கெட்டிக்காரர். இருக்கிற பெயின்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வேண்டாம்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

தண்ணீர்ச் செலவில் மெஷின் ஜெயிக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் சுமார் 400 லிட்டர். திறந்துவிட்ட ஹோஸ் அதே நேரத்தில் ஆயிரத்தைத் தொடும். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இது சின்ன விஷயமில்லை. பணத்தில் பிளீச்சிங் பக்கத்தில் நிற்கவே முடியாது: ஸ்பிரேயரும் பவுடரும் பிரஷ்ஷும் சேர்த்துச் சில நூறு ரூபாய். உடம்பு வலி பிளீச்சிங்கில் அதிகம், கழுத்து பிடித்துக்கொள்ளும். பாசி திரும்ப வருவதற்கு ஆகும் காலத்தில், வெறும் மெஷின் தோற்றுவிடும்.

முதல் தடவை செய்கிறவருக்கு எங்கள் சிபாரிசு: எமல்ஷன் சுவர் சோதனையில் தேறினால் பிளீச்சிங் அடித்து ஊறவைத்து, கையில் மெஷின் இருந்தால் வெள்ளை நாசிலில் நான்கடி தள்ளி நின்று கழுவுவது. பாசி செத்துவிட்டதால் அந்தத் தூரத்து விசையே போதும். மெஷின் இல்லையென்றால் ஹோஸ். இதற்காக மட்டும் வாங்க வேண்டாம். முதல் மாடிக்கு மேலே எதுவானாலும் சாரம் கட்டத் தெரிந்த பெயின்டரிடம் விடுங்கள். பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகாத சுவரைத் தொடவே தொடாதீர்கள். எதைச் செய்தாலும் அந்த ஓவர்ஃப்ளோ குழாயை ஓரடி நீட்டிவிட்டு, ஏ.சி. குழாயைத் தரைவரை இறக்குங்கள். சொட்டு நிற்காத இடத்தில் குளோரினும் தோற்கும்.

ஏற்கெனவே மெஷின் வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். கார் நிறுத்துகிற இடம், கிரானைட் படி, காம்பவுண்டுக்கு வெளியே தெருச்சேறு தெறித்த கடைக்கால் கல், பேவர் பிளாக், இவையெல்லாம் அதன் சொந்த ஊர். பேவர் பிளாக்கில் அடித்தால் இடுக்கு மணலும் சேர்ந்து ஓடிவிடும். காய்ந்ததும் சலித்த நைஸ் மணலைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளி நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் வண்டி ஏறி இறங்க இறங்கக் கல் ஆடத் தொடங்கும்.