கடைசி வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோவது யார்?

தபாலைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் பெரும்பாலும் பார்சலை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். கூடவே கூடாது என்பவர்கள் கடிதத்தை நினைத்துப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு தொழில்.

பார்சலில் எனக்குத் தயக்கம் இல்லை. எடைக்கும் தூரத்துக்கும் ஏற்றபடி காசு வாங்கலாம், சாமான் எங்கே வருகிறது என்று ஃபோனிலேயே பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனிக்குப் போகலாம். இங்கே அரசு ஏகபோகத்துக்கு நியாயமே கிடையாது. ஆனாலும் அமெரிக்காவில் ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் என்ற தனியார் பார்சல் கம்பெனிகள், விலை குறைந்த பார்சல்களை வீட்டு வாசலில் சேர்க்கும் கடைசிக் கட்டத்தைப் பல ஆண்டுகள் அரசுத் தபால்காரரிடமே விட்டிருந்தன. அவர் எப்படியும் தினமும் அந்தத் தெருவுக்குப் போகிறவர்.

கடிதத்தின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. நூறு வீடு உள்ள ஒரு தெரு. எண்பது கடிதம் வந்தாலும் இருபது வந்தாலும் தபால்காரர் நடக்கிற தூரம் பெரிதாக மாறாது. அந்த இருபதை இரண்டு கம்பெனிகள் பங்குபோட்டுக்கொண்டால் ஒரே தெருவில் இரண்டு பேர் நடப்பார்கள். ஒரு கடிதத்துக்கு ஆகும் பட்டுவாடா செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் புதிதாக வருகிற கம்பெனி எல்லாத் தெருவையும் கேட்காது, லாபம் தரும் தெருவை மட்டும்தான் கேட்கும். ஸ்வீடன் 1993-ல் ஏகபோகத்தை நீக்கியபோது போட்டிக்கு நின்ற சிட்டிமெயில், பெரிய நகரங்களில் வங்கிகளும் நிறுவனங்களும் மொத்தமாக அனுப்பும் கடிதங்களைத்தான் குறிவைத்தது. நாடு முழுவதுக்குமான கடமை பழைய தபால் நிறுவனத்தின் தலையிலேயே நின்றது.

போட்டியால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1844-ல் லைசாண்டர் ஸ்பூனர் என்ற அமெரிக்கர், அரசு வாங்கியதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களுக்கிடையே கடிதம் கொண்டுபோனார். வழக்குப் போட்டு அவர் கம்பெனியை மூடவைத்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் தபால் கட்டணத்தை வெகுவாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அவர் இல்லாவிட்டால் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. அவரும் ஜனநெருக்கடியான கிழக்குக் கடற்கரை நகரங்களைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அரசிடமிருந்து வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பிரிட்டனில் ராயல் மெயில் 2013-ல் பங்குச் சந்தைக்குப் போனது. நாடு முழுவதும் ஒரே விலை, எல்லா முகவரிக்கும் பட்டுவாடா என்ற கடமை சட்டத்தில் அப்படியே இருந்தது. அன்று 60 பென்ஸாக (0.60 பவுண்டு) இருந்த, வேகமான முதல் வகுப்புத் தபால்தலை 2025-ல் 1.70 பவுண்டு. குறித்த நேரத்தில் சேர்க்கவில்லை என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதே ஆண்டு 2.1 கோடி பவுண்டு அபராதம் போட்டது. மெதுவாகப் போகும் இரண்டாம் வகுப்புக் கடிதத்தை ஒன்றுவிட்டு ஒரு வேலைநாளில் கொடுத்தால் போதும் என்று சலுகை தந்ததும் அதே ஆஃப்காம்தான். கடிதம் குறைந்தது பெரிய காரணம். அது அரசு நடத்தினாலும் குறைந்திருக்கும். ஆனால் தனியார் வந்தால் விலை இறங்கும் என்ற வாக்குறுதி அங்கே பலிக்கவில்லை. அர்ஜென்டினா தன் தபாலை 1997-ல் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. எடுத்தவர்கள் அரசுக்குச் சேர வேண்டிய கட்டணத்தைக் கட்டாததால் 2003-ல் திரும்ப எடுத்துக்கொண்டது.

டென்மார்க் கதை வேறு. 2024-ல் எல்லா முகவரிக்கும் பட்டுவாடா என்ற கடமையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 400 ஆண்டுப் பாரம்பரியம் உள்ள அரசுத் தபால், 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டது. தெருவோரச் சிவப்புப் பெட்டிகளும் போய்விட்டன. இப்போது தாவோ என்ற தனியார் நிறுவனம் கடிதங்களைக் கொண்டுபோகிறது. பெரும்பாலோர் இணையத்தில் அரசுக் கடிதம் வாங்கிப் பழகிய நாட்டில் இது ஓரளவு நடக்கும். வேறு இடத்தில் நீதிமன்ற நோட்டீஸும், தபால் வாக்கும், மருத்துவமனைச் சீட்டும் யார் கையில் போய்ச் சேரும்?

அரசுத் தபாலின் குறைகளை மூடிமறைக்கவும் நான் தயாரில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத மெத்தனம் உண்டு. அரசியல்வாதிகள் கைவைப்பது அதைவிட மோசம். வருங்கால ஓய்வூதியர்களின் மருத்துவச் செலவுக்கு இப்போதே ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி வை என்று 2006-ல் அமெரிக்கத் தபாலுக்குச் சட்டம் போட்டார்கள். பல வருட நஷ்டக் கணக்கில் பெரிய பங்கு அதுதான். 2022-ல்தான் ரத்தானது. அதற்குள் 'அரசு நடத்தினால் நஷ்டம்' என்ற பேச்சு ஊன்றிவிட்டது.

ஆகவே பார்சலை முழுக்கத் திறந்துவிடலாம். கடிதத்தைத் தனியாருக்குக் கொடுப்பதென்றால், எல்லா முகவரிக்கும் ஒரே விலை, நஷ்டமான தெருக்களுக்கு அரசு தரும் தொகை வெளிப்படையான கணக்கில், தவறினால் திரும்ப எடுக்கும் உரிமை என மூன்றும் உரிமப் பத்திரத்தில் இருக்க வேண்டும். இதற்குக் கையெழுத்துப் போடும் கம்பெனி கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். கிடைக்கும்வரை அரசின் கையிலேயே இருக்கட்டும்.