நுனாவுட் தாக்க ஆய்வு வாரியத்தின் பொதுப் பதிவேடு: பயன்படுத்த விரும்புபவர்களுக்கான மதிப்பீடு

கனடாவின் வடமுனைப் பிரதேசமான நுனாவுட்டில் எந்தச் சுரங்கம் வரலாம், வரக்கூடாது என்று இந்த வாரியம் ஆராயும் ஆவணங்கள் முழுவதும் இந்த இணையப் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர்க்டிக் உயிரினங்கள் மீது அக்கறை உள்ளவர்கள் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டிய சேவை.

பாஃபின் தீவின் மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். பெயரைப் போட்டுத் தேடினால் ஆவணங்கள் குவியும். அதனால் 08MN053 என்ற கோப்பு எண்ணால் தேடுங்கள். முதலில் திறக்க வேண்டியது 2022 மே மாத மறுபரிசீலனை அறிக்கை. ஆண்டு உற்பத்தியை 60 லட்சம் டன்னிலிருந்து 1.2 கோடி டன்னாக்கவும், மில்ன் இன்லெட் துறைமுகம் வரை 110 கிலோமீட்டர் ரயில் பாதை போடவும் வந்த திட்டத்தை வாரியம் ஏற்க வேண்டாம் என்றது. அந்த நவம்பரில் மத்திய அமைச்சரும் நிராகரித்தார்.

காரணங்களைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. நார்வால் திமிங்கிலம் இருட்டுக் கடலில் ஒலியை வைத்தே வழியும் இரையும் தேடுகிறது. தாது ஏற்றிச் செல்லும் கப்பல்களின் இரைச்சல் அந்த ஒலியை மூழ்கடிக்கும். தாதுத் தூசி படிந்து பனி செம்பழுப்பாவதாகப் அருகிலுள்ள பாண்ட் இன்லெட் என்ற இனுயிட் பழங்குடி ஊரின் வேட்டைக்காரர்கள் முறையிட்டார்கள். அவர்கள் உருக்கிக் குடிப்பதும் அந்தப் பனியைத்தான்.

குறை, ஆவணங்களின் பருமன். முழுதாகப் படிக்க முயன்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சுருக்கத்தையும் கடல் பாலூட்டிகள், கரிபு மான், தூசி பற்றிய பகுதிகளையும் முதலில் பாருங்கள். பிறகு ஆண்டுக் கண்காணிப்பு அறிக்கையை எடுத்து, சுரங்க நிறுவனம் முன்கணித்ததையும் உண்மையில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.