ரோபோ ஹாம்ஸ்டருக்கு இந்தக் கலர்க் கம்பிக்கூடு சரிவருமா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் செல்லப்பிராணிக் கடைகளில் தொங்கும் இரண்டு மாடிக் கம்பிக்கூட்டு செற் தெரிந்ததுதான். கூடு, சில்லு, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுக் கோப்பை எல்லாம் ஒரே பெட்டியில். எந்த ஹாம்ஸ்டருக்கும் போதும் என்று சொல்லித் தருவார்கள். ஆனால் 'ரோபோ' என்று சுருக்கிச் சொல்லும் ரோபோரோவ்ஸ்கி என்ற மிகச் சிறிய ஹாம்ஸ்டர் இனத்துக்குப் போதாது.

வளர்ந்த ரோபோவே 5 சென்ரிமீற்றர் நீளம், 20 முதல் 25 கிராம்தான். கூட்டின் கம்பி இடைவெளியோ ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். மண்டை நுழைந்தால் உடம்பும் நுழையும். குட்டி என்றால் முதல் இரவே ஆளைக் காணாது. கடைக்குப் போகும்போது ஒரு பென்சில் கொண்டு போங்கள். அது கம்பிக்கிடையில் தாராளமாகப் போய்வந்தால் கூட்டை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டு வாருங்கள்.

சில்லின் விட்டம் 11, 12 சென்ரிமீற்றர். ஓடும்போது முதுகு வளையாமல் இருக்கக் குறைந்தது 16 சென்ரிமீற்றர் வேண்டும். படிக்கம்பி வைத்த சில்லில் கால் சிக்கி முறியும். ஓடுபாதை மூடியதாக இருக்க வேண்டும். கிறீச்சிட்டால் அச்சில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தண்ணீர்ப் போத்தல் குழாயின் நுனியில் உள்ள சிறு குண்டு இறுகிப் போயிருந்தால் இத்தனை சின்ன உயிரால் அதைத் தள்ள முடியாது, தளர்ந்தால் சொட்டிச் சொட்டிப் படுக்கை நனையும். அதைவிடத் தட்டையான பீங்கான் கிண்ணம் நல்லது. செற்றில் தேறுவது கோப்பை மட்டும்.

அந்தக் காசுக்குப் பழைய மீன்தொட்டி தேடுங்கள்: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒழுகுகிற தொட்டி என்று மலிவாகக் கழிப்பார்களே, அதுவே போதும், தண்ணீரா ஊற்றப்போகிறோம்? மரச்சட்டத்தில் கால் அங்குல வலை அடித்து மூடி செய்யுங்கள். உள்ளே 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் படுக்கை வேண்டும். செற்றின் தட்டில் அதில் கால்வாசிகூட நிற்காது. அம்பாறை ஆலைகளில் உமி அள்ளி வரலாம் என்று தோன்றும். உமி குத்தும், தூசி பறக்கும், அதில் தோண்டும் வளையும் இடியாமல் நிற்காது. தச்சுப்பட்டறைத் தூளில் என்ன மருந்து அடித்த மரம் கலந்திருக்குமோ தெரியாது. அச்சடிக்காத தாளையும் வாசனையில்லாத டிஷ்யூவையும் கிழித்து, கையால் அமுக்கி நிரப்புங்கள்.

ரோபோ தண்ணீரில் குளிக்காது, மணலில் புரளும். தொட்டியின் ஒரு மூலையில் மணல்தட்டு கட்டாயம். கல்லடிக் கடற்கரை மணலை அப்படியே கொட்டினால் உப்பு. ஆற்றுமணலைச் சலித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவி, தாச்சியில் நன்றாக வறுத்து ஆறவிடுங்கள். பவுடர் மாதிரித் தூள் சுவாசத்தைக் கெடுக்கும்.

மொங்கோலியா, வடசீனப் பாலைவனத்துப் பிராணி, நம் வெயில் தாங்கும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. அங்கே பகலில் அது மண்ணுக்கடியில் குளிர்ந்த வளையில் கிடக்கும், இரவில்தான் வெளியே வரும். கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அறை 30 பாகைக்கு மேல் போனால் ஆபத்து. கண்ணாடித் தொட்டி சூட்டைப் பிடித்து வைக்கும் என்பது இதன் குறை, எனவே யன்னல் வெயில் படவே கூடாது. சிறிய மண்முட்டியைப் படுக்கையில் பாதி புதைத்து விடுங்கள், உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து வைக்கலாம். துவண்டு, வாயில் நீர் வடியக் கிடந்தால் நிழலான குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். மாரியில் பிரச்சினை வேறு: படுக்கை ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூக்கும். மேசைக்கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைத்தால் எறும்பும் ஏறாது.

நாளுக்கு ஒரு தேக்கரண்டி தினை, சாமை, குரக்கன் கலவை. வாரத்தில் இரண்டு தடவை அவித்த முட்டை வெள்ளைக்கரு ஒரு பயறளவு. உப்பிட்ட கூனி வேண்டாம்.

ஜோடியாகத்தான் தருவோம் என்றால் இரண்டும் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஆணும் பெண்ணுமானால் மூன்று வாரத்தில் குட்டி. ஒரே பாலானாலும் சண்டை வந்தால் பிரித்துவைக்க இரண்டாவது தொட்டி தேவைப்படும்.