டீட்டன் காட்டில் கூடாரம்: ஜென்னி லேக், கோல்டர் பே, எது சரி?

அமெரிக்காவின் வயோமிங்கில் உள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் ஏரிக்கரையில் தங்க நினைப்பவர்கள் பலரும் இந்த இரண்டு முகாம்களுக்கு நடுவில்தான் தவிக்கிறார்கள்.

இடம்: ஜென்னி லேக்கில் கூடாரத்துக்கு மட்டுமே அனுமதி, அதனால் அமைதி அதிகம். ஜாக்சன் ஏரிக்கரையில் இருக்கும் கோல்டர் பேயில் 300-க்கும் மேற்பட்ட இடங்கள். ஒரு சின்ன ஊர் மாதிரி.

வசதி: ஜென்னியில் கழிப்பறை உண்டு, குளிக்க வசதி இல்லை. கோல்டர் பேயில் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், மளிகைக் கடை எல்லாம் பக்கத்திலேயே.

முன்பதிவு: இரண்டுக்கும் 6 மாதம் முன்பே தொடங்கும். ஜென்னி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நடை: இதில் ஜென்னிதான். படகில் அக்கரை போனால் ஹிடன் ஃபால்ஸ் அருவிக்குக் கொஞ்ச தூரம்தான். காற்றில்லாத விடியலில் சிகரங்கள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

கரடி: இரண்டிலும் ஒரே கட்டுப்பாடு. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு வரை இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். குழந்தைகளிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உடன் வந்தால் கோல்டர் பே. மலையேறத்தான் வருகிறீர்கள், இரண்டு நாள் குளிக்காமல் இருக்க முடியும் என்றால் யோசிக்காமல் ஜென்னி. ஜூலையிலும் ராத்திரி நடுங்கும். கம்பளி மறக்க வேண்டாம்.