பனியன் துணி, சட்டைத் துணி, ஜீன்ஸ்: சந்தைப் பைக்கு எந்த வெட்டுத் துண்டு?

மொரிசியஸில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் தடை வந்து, 2021 மார்ச்சில் விதிகள் மேலும் இறுகிய பின்னர், சந்தைக்குப் போகிறவர் கையில் சொந்தப் பை இருப்பது இயல்பாகிவிட்டது. 1970ஆம் ஆண்டின் ஏற்றுமதி மண்டலச் சட்டத்துக்குப் பின் இங்கே வளர்ந்த ஆடைத் தொழிற்சாலைகளோ வெட்டு மேசையிலிருந்து துண்டுகளைக் கழித்துக்கொண்டே இருக்கின்றன. எடுப்பார் இல்லாதவை குப்பையாகிவிடுகின்றன. அந்தத் துண்டுகளில் நம் கைக்கு எளிதாக வருபவை மூன்று வகை: பனியன் துணி, சட்டைத் துணி, ஜீன்ஸ் துணி. பார்வைக்கு எது அழகு என்பதை விட்டுவிட்டு, மூன்று கிலோ சௌசௌவையும் ஒரு பூசணித் துண்டையும் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்கு எது உதவும் என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

பனியன் துணிதான் அதிகம் வீணாகிறது. பையாக மாற்ற அதிகம் அடம்பிடிப்பதும் அதுவே. அது நெய்யப்பட்டதன்று, கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. ஆகையால் பாரம் ஏறியதும் பை முழங்காலுக்கு இறங்கும், வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளும், சாதாரண ஊசி கண்ணியை அறுத்துத் துளையாக்கிவிடும். முனை மழுங்கிய ஊசியும் நெளிவுத் தையலும் இருந்தால் தைத்துவிடலாம் என்பது உண்மை. ஆனாலும் அதைத் துண்டுகளாக ஒட்டித் தைப்பது வீண் உழைப்பு என்பதே என் கணிப்பு. அதன் சுருளும் குணத்தைப் பகையாக்காமல் பயன்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்: அகலவாக்கில் இரண்டு சென்டிமீட்டர் பட்டைகளாக நறுக்கி, இரு கைகளாலும் இழுத்துவிட்டால் அவை தாமாகவே சுருண்டு கயிறாகிவிடும். அந்தக் கயிற்றைக் குரோஷா ஊசியால் பின்னினால் வலைப்பை கிடைக்கும். வெங்காயத்துக்கும் கடற்கரைக்கும் அது நல்ல பை. அரிசிக்கும் பருப்புக்கும் ஆகாது.

சட்டைத் துணி நெய்த துணி. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம் எடையுள்ள இந்த மெல்லிய பருத்தி, இஸ்திரிக்கு அடங்கும், எந்த வீட்டு இயந்திரத்திலும் ஓடும், மடித்தால் கைப்பைக்குள் ஒளிந்துகொள்ளும். இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது, சட்டையின் கழுத்துக்கும் கைக்கும் இடையில் வெட்டப்பட்டு விழும் துண்டுகள் பெரும்பாலும் உள்ளங்கை அளவே இருக்கும். ஆகவே ஒரு பைக்குப் பல இணைப்புகள் தேவைப்படும், ஒவ்வோர் இணைப்பும் நூல் பிரியக்கூடிய ஓர் இடமாகும். இரண்டாவது, துண்டுகளின் பாவு இழை (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாராமல் தைத்தவர்களின் பை, முதல் துவைப்பிலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகத் தொங்கும். இழைத் திசையை ஒன்றாக்கி, ஒரு சென்டிமீட்டர் தையல் விளிம்பு விட்டு, உட்துணி கொடுத்து இணைப்புகளை மூடிவிட்டால், இதைவிட இணக்கமான அன்றாடப் பை வேறில்லை. சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்குத் தேங்காய், பழம், பூ கொண்டுபோக நான் எடுப்பது இந்தப் பையைத்தான். ஜீன்ஸ் பையோடு சந்நிதியில் நிற்க மனம் வருவதில்லை, அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.

பாரம் தாங்குவதில் ஜீன்ஸுக்கு நிகர் இல்லை. சாய்வரி நெசவில் அமைந்த, சதுர மீட்டருக்கு 400 கிராமை ஒட்டிய துணியில் உட்துணியே வேண்டியதில்லை. அடிமூலைகளைக் குறுக்காக மடித்துத் தைத்து அடியை அகலமாக்கினால் பை தானாகவே நிற்கும். இதற்கான விலையைத் தோள் கொடுக்கிறது: நடுத்தர அளவுப் பை ஒன்று காலியாகவே 200 கிராமை எட்டும், சட்டைத் துணிப் பையோ உட்துணியோடும் அதைவிடக் கணிசமாக இலேசு. க்யூர்பிப் போன்ற ஓயாத மழையுள்ள ஊரில் நனைந்த ஜீன்ஸ் பை காய்வதற்குள் பூஞ்சை வாடை பிடித்துவிடும். வீட்டு இயந்திரமும் நான்கு மடிப்பு சேரும் இடத்தில் திணறும். 100ஆம் எண் ஊசியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி அந்த இடத்தைக் கடப்பதே நல்லது.

சந்தையில் கிடைக்கும் பின்னல் கூடையான தாந்த் பஸாரோடு இவற்றைப் போட்டியிட வைப்பவர்களும் உண்டு. ஈர மீனுக்கு அந்தக் கூடையே மேல். மடித்து வைக்க முடியாது என்பதால் மற்றெல்லா நாளும் துணிப்பைக்கே வெற்றி.

ஒரே ஒரு பை தைப்பதானால் சட்டைத் துணியையும் ஜீன்ஸையும் சேர்க்கச் சொல்வேன். உடல் முழுவதும் சட்டைத் துண்டுகள், அடிப்பாகமும் கைப்பிடியும் ஜீன்ஸ். துணிப்பை கிழிவதென்றால் பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில்தான் கிழியும்; அங்கே கைப்பிடியை ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே இறக்கி, சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுகளுமாகத் தைக்க வேண்டும். தோளில் மாட்ட 60 முதல் 65 சென்டிமீட்டர் நீளம் போதும். புது ஜீன்ஸ் துண்டின் நீலச் சாயம் வெளிர்நிறச் சட்டைத் துணியில் ஏறிவிடும் என்பதால், இரண்டையும் இணைக்கும் முன் ஜீன்ஸைத் தனியாக, தண்ணீர் தெளியும் வரை அலசிக் காய வைக்கவும்.