ஆறு ஊசி, ஆறு மாதம்: என் பயத்துக்கு அவர்கள் போட்ட விலை

இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் மாதம். தலைக்குக் குளித்துவிட்டுப் பார்த்தால், தண்ணீர் போகும் சல்லடையில் எலிக்குஞ்சு அளவுக்கு ஒரு முடி உருண்டை. இருபத்தாறு கிலோ குறைந்த சந்தோஷம் அன்றே வடிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். விளம்பரம் பார்த்து ஒரு முடி சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் சிறு கேமராவை என் வகிட்டில் வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டினார். "வேர் செத்துக்கொண்டிருக்கிறது மேடம். இந்த வாரமே தொடங்காவிட்டால் வழுக்கைதான்." அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன், காதில் வாங்கவே இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனைகூடக் கேட்கவில்லை. மாதம் ஒன்றாக ஆறு பி.ஆர்.பி. ஊசி (நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் ஏற்றுவது), பத்து மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, ஓர் எண்ணெய், மொத்தம் 54,000 ரூபாய். முழுப் பணத்தையும் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டித் தொலைத்தேன். சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இல்லை என்பதை இரண்டாம் ஊசிக்குப் பிறகுதான் கவனித்தேன்.

இடையில் தைராய்டு பரிசோதனை தாறுமாறாக வந்தது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் அடிமட்டத்தில். நல்லவேளை, அந்த முடிவைப் பார்த்த மருத்துவர் தைராய்டு மாத்திரை எழுதும் முன், "பயோட்டின் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளில் முடிவைப் பொய்யாகக் காட்டுமாம். நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தோம், எல்லாம் சரி.

பிறகுதான் பழைய மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் போனேன். நான் அரை இட்லியிலும் ரசத்திலும் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். நாளுக்கு அறுபது கிராம் புரதமாவது வேண்டும் என்றார். பரிசோதித்ததில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 8. இரும்புச் சத்து மாத்திரை தந்தார், கால்சியத்தோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்றார். வேர் சாகவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். உடல் எடை வேகமாக இறங்கும்போது முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய், மூன்றாம் நான்காம் மாதத்தில் உதிருமாம். சத்துக் குறையைச் சரிசெய்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாக முளைத்துவிடும்.

கணக்கு அப்போதுதான் புரிந்தது. நான்காம் மாதம் ஊசியைத் தொடங்கினால் ஆறாவது ஊசி எப்போது வரும்? முடி தானாக முளைக்கிற நேரத்தில். பெயர் அவர்களுக்கு!

மீதி நான்கு ஊசிக்கான பணத்தைக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பணம் திரும்பத் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை.

இப்போது பத்தாம் மாதம். நெற்றியோரம் விரற்கடை நீளத்துக்குக் குட்டை முடி, எந்தச் சீப்புக்கும் படியாமல் குத்திட்டு நிற்கிறது.