அலுமினியத்தை அடிக்குமுன்: அச்சு, களிமண், கணினி

பரந்தனில் மாமாவின் கொல்லுப்பட்டறையில் மண்வெட்டி அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உலையில் இரும்பு செம்மஞ்சளாகப் பழுத்ததும் சம்மட்டி விழும். நிறம் மங்கினால் திரும்பவும் உலைக்குள் போகும். கண்தான் அவருக்கு வெப்பமானி.

அலுமினியத்திடம் அந்தக் கண் எடுபடாது. காரின் சில்லைத் தாங்கும் கை போன்ற பாகங்களுக்குப் பயன்படும் 6082 என்ற அலுமினியக் கலப்புலோகத்தைச் சுமார் 430 முதல் 500 பாகை செல்சியசுக்குள் சூடாக்கி, பாகத்தின் வடிவில் குடைந்த அச்சுக்குள் வைத்து அடிப்பார்கள். அந்தச் சூட்டில் அது நிறம் மாறாது. 580ஐ நெருங்கினால் உள்ளே உருகத் தொடங்கிவிடும். அச்சுக்குள் என்ன நடக்கிறது என்று அடிக்குமுன்னே அறிய வேண்டியது அதனால்தான்.

பழைய வழி, உருக்கில் அச்சு வெட்டி அடித்துப் பார்ப்பது. கிடைக்கும் விடை உண்மையானது. ஆனால் ஒரு மூலை நிரம்பாவிட்டாலும், உலோகம் தன்மேலேயே மடிந்து விரிசலுக்கு வழிவிட்டாலும், அச்சைத் திரும்ப வெட்ட வேண்டும். அதற்கு வாரங்களும் பணமும் போகும்.

இரண்டாவது, பல நிற மாதிரிக் களிமண்ணை அடுக்கி மர அச்சில் அழுத்தி, குறுக்கே வெட்டிப் பார்ப்பது. மிகவும் மலிவு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீட மாணவர்கள் ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம். உலோகம் எப்படி ஓடுகிறது என்பதை இவ்வளவு வடிவாகக் காட்ட வேறொன்றில்லை. படிப்பிக்க நான் இதைத்தான் எடுப்பேன். வெப்பத்தை மட்டும் அது சொல்லாது.

அங்கேதான் கணினி முந்துகிறது. டிஃபோம், கியூஃபோம் போன்ற மென்பொருள்கள் அடிக்கப்போகும் அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சூட்டையும் படிப்படியாகக் கணக்கிடும். வேகமாக அடித்தால் மெல்லிய பகுதி தானாகவே சூடேறுவது, அச்சில் பட்ட தோல் குளிர்வது, மடிப்பு விழும் இடம் எல்லாம் திரையில் தெரியும். கட்டியை முதலில் எவ்வளவு வளைத்தால் ஓரத்தில் பிதுங்கி வீணாகும் உலோகம் குறையும் என்று பத்து விதமாகப் பார்க்கலாம், ஒரு அச்சும் வெட்டாமல்.

ஆனாலும் உராய்வுக்கும், அச்சுக்குள் வெப்பம் இறங்கும் வேகத்துக்கும் நாம் கொடுக்கும் எண் பிழைத்தால், படம் அழகாக வரும், விடை பிழைக்கும். அச்சில் பூசும் கிராஃபைட் மசகு கொஞ்சம் மெலிந்தாலே உராய்வு மாறிவிடும். என் தெரிவு கணினிதான், ஆனால் முதல் அடிக்குப் பிறகு பிதுங்கிய ஓரத்தின் அகலத்தை அளந்து, திரையில் வந்ததோடு ஒப்பிட்டு, உராய்வு எண்ணைத் திருத்திய பிறகே அடுத்த அச்சுக்கு அதை நம்புவேன்.